நோய்க்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே அதைப் பத்தி எழுதினவங்க

1/
ஆம்பளைங்க மேக்கப் போட்டு, விக் வச்சு, பெண் வேஷத்துல ஆடுற வீடியோ ஏதாவது வந்தா கீழ கமெண்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். முதல்ல சிரிப்பு எமோஜி, அடுத்து வசவு. போன வாரம் அப்படி ஒரு டிராக் ஷோ வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கொஞ்சம் மரியாதையாவே கேட்டிருந்தார்: "இவங்களால சமூகத்துக்கு என்ன பிரயோஜனம்?"

ஒரு டாக்டரா எனக்கு இதுக்குப் பதில் தெரியும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். டிராக்ங்கிறது ஒரு மேடைக் கலை. வேஷம் கட்டி, பேரை மாத்தி, ஒரு பாத்திரமா மேடை ஏறுறது. திருநங்கையா இருக்கிறது ஒருத்தரோட அடையாளம், அது வேஷம் இல்ல. டிராக் பண்ற திருநங்கைகளும் உண்டு, ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது.

நம்ம ஊர் நாடகத்துல ஸ்திரீபார்ட் தெரியும்ல? அவ்வையார் வேஷம் கட்டி, அந்தப் பேராலயே அவ்வை சண்முகம்னு ஆனவரைக் கொண்டாடின ஊர் இது. அதனால ஐடியா நமக்குப் புதுசில்ல.

3/
இப்போ 1981க்கு வாங்க. அமெரிக்கா.

அந்த வருஷம் ஜூன் 5ஆம் தேதி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட வாராந்திர அறிக்கையில ஒரு சின்னக் குறிப்பு வருது. லாஸ் ஏஞ்சலீஸ்ல 5 இளைஞர்கள். அஞ்சு பேருக்கும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. சாதாரணமா நோய் எதிர்ப்பு சக்தி இருக்கிறவங்களுக்கு வராத நிமோனியா. அஞ்சு பேரும் தன்பாலீர்ப்பு ஆண்கள்.

4/
ஒரே மாசத்துல அடுத்த அறிக்கை. நியூயார்க், கலிஃபோர்னியாவுல 26 பேருக்கு கபோசி சார்கோமா. தோல்ல ஊதா நிறத்துல தடிப்பு தடிப்பா வர்ற ஒரு புற்றுநோய். அதுவரைக்கும் பெரும்பாலும் வயசானவங்களுக்கு, ரொம்ப மெதுவா வர்ற நோய்னுதான் பாடப் புத்தகத்துல இருந்தது. இங்க இளைஞர்கள் வேகமா செத்துட்டு இருந்தாங்க.

ஏன்னு யாருக்கும் தெரியல. வைரஸ் கண்டுபிடிக்கல. டெஸ்ட் இல்ல. மருந்து இல்ல. நோய்க்கு ஒரு பேர்கூட இல்ல.

5/
பாபி கேம்பல்னு ஒருத்தர். சான் ஃபிரான்சிஸ்கோவுல பதிவு பெற்ற நர்ஸ். வயசு 29. அந்த வருஷ ஆரம்பத்துல அவருக்கு அக்கி வந்தது. அப்புறம் வேற வேற உபாதைகள். செப்டம்பர்ல மலைப்பக்கம் நடைபயணம் போயிட்டு வந்து பார்த்தா பாதத்துல ஊதாப் புள்ளிகள். ஷூ கடிச்சதுன்னு நினைச்சார். போகவே இல்ல.

அக்டோபர் 8ஆம் தேதி தோல் மருத்துவர் மார்கஸ் கோனன்ட் சொல்லிட்டார்: கபோசி சார்கோமா.

6/
இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க.

ஊரே "கே கேன்சர்"னு கிசுகிசுக்குற ஒரு நோய். வந்தது தெரிஞ்சா வேலை போகும், வீடு போகும், தொட ஆள் இருக்காது. நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? நானா இருந்தா கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருப்பேன். சத்தியமா.

7/
பாபி என்ன பண்ணார் தெரியுமா? தன் காலைப் போட்டோ எடுத்து, காஸ்ட்ரோ வீதியில இருந்த ஒரு மெடிக்கல் ஷாப் ஜன்னல்ல ஒட்ட வச்சார். இப்படிப் புள்ளி இருந்தா உடனே போய் டாக்டரைப் பாருங்கன்னு போற வர்றவங்களுக்குத் தெரியட்டும்னு.

அந்தப் புள்ளிகளை மத்தவங்க எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு மருத்துவத் துறை ஒரு போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நோயாளி தன் பாதத்தையே போஸ்டர் ஆக்கிட்டார்.

8/
அதோட நிக்கல. 1981 டிசம்பர் 10ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோ சென்டினல்ங்கிற உள்ளூர்ப் பத்திரிகையில சொந்தப் பேர்ல பத்தி எழுத ஆரம்பிச்சார். எனக்கு இந்த நோய் இருக்கு, இப்படி ஆரம்பிச்சது, இன்னைக்கு இப்படி இருக்கேன்னு. பின்னாடி எய்ட்ஸ்னு பேர் வாங்கின நோய் தனக்கு இருக்குன்னு பகிரங்கமா சொன்ன முதல் ஆள்னு பரவலா அறியப்படுறவர் இவர்தான். "கபோசி சார்கோமா போஸ்டர் பாய்"னு தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கிட்டார்.

எய்ட்ஸ்ங்கிற பேரை அமெரிக்க மையம் பயன்படுத்த ஆரம்பிச்சது 1982 செப்டம்பர்ல. பாபி எழுத ஆரம்பிச்சு ஒன்பது மாசம் கழிச்சு!

9/
சரி, இதுல டிராக் எங்க வருது?

அதே ஊர்ல 1979 ஈஸ்டர் சமயத்துல ஆரம்பிச்ச ஒரு கூட்டம் இருந்தது. பேரு "சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இன்டல்ஜன்ஸ்". கன்னியாஸ்திரி உடுப்பு, முகத்துல வெள்ளைப் பூச்சு, தாடி மீசையோட ஆண்கள். தெருவுல கேலி, கூத்து, நிதி திரட்டல். பார்த்தவுடனே பாதிப் பேருக்குக் கோவம் வரும், மீதிப் பேருக்குச் சிரிப்பு வரும். மத நம்பிக்கை உள்ளவங்க மனசு புண்படும்கிறதையும் நான் மறுக்கல. அந்த விவாதம் அங்க இன்னைக்கும் ஓடுது.

10/
1982ல பாபி இந்தக் கூட்டத்துல சேர்ந்தார். மேடைப் பேரு சிஸ்டர் ஃபிளாரன்ஸ் நைட்மேர். புரியுதா? நர்ஸ்களுக்கெல்லாம் தாய் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். இவர் ஃபிளாரன்ஸ் "நைட்மேர்", அதாவது கெட்ட கனவு. சாகப் போறோம்னு தெரிஞ்சும் தன் தொழிலையே வச்சு ஜோக் அடிக்கிற ஆள்.

11/
அந்த வருஷம் இந்த "சிஸ்டர்ஸ்" சேர்ந்து ஒரு துண்டுப் பிரசுரம் போட்டாங்க. பேரு "பிளே ஃபேர்". ஒழுங்கா, நேர்மையா ஆடுங்கப்பான்னு அர்த்தம் வச்சுக்கலாம். எழுதினவங்கள்ல பாபியோட இன்னொரு பதிவு பெற்ற நர்ஸும் உண்டு.

பாலுறவு மூலமா பரவுற நோய்கள் என்னென்ன, அறிகுறி என்ன, எப்படித் தவிர்க்கலாம், துணைக்கு எப்படிச் சொல்றது. எல்லாம் அந்தத் தெருவோட பாஷையில, நகைச்சுவையோட. தன்பாலீர்ப்பு ஆண்களுக்காக, பாலுறவை அசிங்கம்னு சொல்லாம பாதுகாப்பைப் பத்திப் பேசின முதல் பிரசுரங்கள்ல ஒண்ணா வரலாறு இதைக் குறிக்குது.

12/
தேதியை மட்டும் பாருங்க.

பிளே ஃபேர்: 1982.
பாரிஸ்ல வைரஸைப் பிரிச்செடுத்து ஆய்விதழ்ல வெளியிட்டது: 1983.
ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி: 1985.
முதல் மருந்து: 1987.
உயிரைக் காப்பாத்துற கூட்டு மருந்து சிகிச்சை: 1996.

தாடியோட கன்னியாஸ்திரி வேஷம் போட்டவங்க கையில பேப்பர் கொடுத்துட்டு இருந்தப்போ, எங்க துறை கையில எதுவுமே இல்ல.

13/
இதுல எனக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கு. அந்தக் காலத்துல இதே ஆட்களைப் பார்த்து "இப்படி வாழாதீங்க"ன்னு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருந்தாங்க. அந்த அறிவுரை யாரையும் காப்பாத்தல. அசிங்கப்படுத்தினா ஆள் பழக்கத்தை விடமாட்டான், டாக்டர்கிட்ட வர்றதைத்தான் விடுவான்.

குடி, சிகரெட், உடல் எடை, சர்க்கரை... எந்த நோய்க்கும் இதான் உண்மை. சுகர் ஏறினா டாக்டர் திட்டுவாரேன்னு ரெண்டு வருஷம் வராம, கால்ல புண்ணோட வந்த அம்மாக்களை எல்லா டாக்டரும் பார்த்திருப்பாங்க.

14/
அடுத்த வருஷம் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் பெரிய விஷயம்.

1983 ஜூன். டென்வர் நகரத்துல ஒரு சுகாதார மாநாடு. அங்க வந்த எய்ட்ஸ் உள்ளவங்க ஒரு சின்னக் குழுவா உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதினாங்க. பாபியும் அதுல ஒருத்தர். அதுக்கு "டென்வர் கோட்பாடுகள்"னு பேர். மொத்தமே ரெண்டு பக்கத்துக்குள்ளதான் இருக்கும்.

15/
அதுல சொன்னதை என் வார்த்தையில சொல்றேன்:

- எங்களைப் "பலியானவங்க"ன்னு சொல்லாதீங்க. அது தோத்துட்டோம்னு சொல்றது.
- எப்பவும் "நோயாளி"ன்னும் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வெளிய நாங்க மனுஷங்க. "எய்ட்ஸ் உள்ளவர்கள்"னு சொல்லுங்க.
- எங்களைப் பத்தின முடிவு எங்க எடுத்தாலும் அந்த மேஜையில எங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும்.

16/
இன்னும் இருக்கு:

- எந்தச் சிகிச்சைன்னாலும் முழுசா விளக்கணும். வேணாம்னு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கணும். ஆராய்ச்சிக்கு வரமாட்டேன்னு சொன்னா அதுக்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.
- எங்க மருத்துவக் குறிப்புகள் ரகசியமா இருக்கணும்.
- கண்ணியமா வாழணும், கண்ணியமா சாகணும்.
- நாங்களும் மத்தவங்களுக்கு ஆபத்து வராத மாதிரி நடந்துக்கணும். துணையிடம் நோயைச் சொல்றது எங்க பொறுப்பு.

கடைசி வரியைக் கவனிங்க. உரிமை மட்டும் கேக்கல, தங்க பொறுப்பையும் தாங்களே எழுதி வச்சாங்க.

17/
1994ல பாரிஸ்ல 42 நாடுகள் கூடி, எச்ஐவி உள்ளவங்களை முடிவெடுக்கிற எல்லா நிலையிலும் சேர்த்துக்கணும்னு ஏத்துக்கிட்டாங்க. ஐ.நா.வோட எய்ட்ஸ் அமைப்பு நிர்வாகக் குழுவுல எச்ஐவி உள்ளவங்க தரப்புக்கும் இடம் கொடுத்தது. எல்லாத்துக்கும் விதை அந்த ரெண்டு பக்கம்.

இன்னைக்கு நீங்க கேன்சருக்கோ இதய நோய்க்கோ ஆஸ்பத்திரிக்குப் போய், "எல்லாத்தையும் விளக்குங்க டாக்டர், அப்புறம் கையெழுத்துப் போடுறேன்"னு சொல்றீங்களே, அந்த உரிமைக்காக எழுதினவங்க வரிசையில இவங்களும் இருக்காங்க.

18/
1983 ஆகஸ்ட்ல நியூஸ்வீக் அட்டையில பாபியும் அவரோட துணைவரும். 1984 ஜூலையில சான் ஃபிரான்சிஸ்கோவுல ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த சமயம், பெரிய பேரணியில மேடை ஏறிப் பேசினார். ஒரு மாசம்தான். 1984 ஆகஸ்ட் 15ஆம் தேதி இறந்துட்டார். வயசு 32.

அவர் கையால எழுதின டைரி இன்னைக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவ வளாக ஆவணக் காப்பகத்துல இருக்கு. டாக்டருக்குப் படிக்கிற பசங்க போய்ப் பார்க்கலாம்.

19/
"அதெல்லாம் பழைய கதை டாக்டர்"னு சொல்வீங்க. சரி, இன்னொருத்தரைப் பார்ப்போம்.

பான்டி பிளிஸ். அயர்லாந்தோட பிரபலமான டிராக் கலைஞர். நிஜப் பேரு ரோரி ஓ'நீல். மேயோ மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல, கால்நடை மருத்துவர் வீட்டுல பிறந்தவர். 1995ல எச்ஐவி இருக்கிறது தெரிஞ்சது. கூட்டு மருந்து வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. அதாவது, அன்னைக்கு அது மரணச் செய்தி.

20/
2014 பிப்ரவரியில டப்ளின் அபே தியேட்டர்ல, நாடகம் முடிஞ்சதும் டிராக் வேஷத்துலயே மேடை ஏறி ஒரு உரை நிகழ்த்தினார். அதுல ஒரு விஷயம் சொல்வார். ரோட்டைக் கடக்க சிக்னல்ல நிக்கும்போது, தன் நடை, கை, நிக்கிற விதம் ஏதாவது தன்னைக் காட்டிக் கொடுக்குதான்னு தானே தன்னைச் சோதிச்சுப் பார்க்கிறதைப் பத்தி. உலகம் முழுக்கப் பரவின உரை அது.

21/
அதே வருஷம் தன் வாழ்க்கையைப் புத்தகமா எழுதினார். "வுமன் இன் த மேக்கிங்". எச்ஐவியை ஒளிக்காம எழுதினார். அடுத்த வருஷம், 2015 மே 22ல, அயர்லாந்து மக்கள் ஓட்டுப் போட்டு தன்பாலினத் திருமணத்தை ஏத்துக்கிட்டாங்க. 62 சதவீதம் ஆதரவு. ஒரு உரையாலயோ புத்தகத்தாலயோ மட்டும் நடந்ததுன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த விவாதத்துல அவர் குரல் இருந்ததுன்னு அந்த நாட்டுல யாரும் மறுக்கமாட்டாங்க.

22/
அந்த "தன்னைத் தானே சோதிச்சுப் பார்க்கிற" விஷயத்துக்கு வர்றேன். ஒரு டாக்டரா அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு வார்டு. எச்ஐவி உள்ள ஒருத்தரோட கேஸ் ஷீட் மேல சிவப்பு மையில பெருசா எழுதியிருக்கும். கட்டில் மூலையில. சாப்பாடு கொடுக்கிறவர்ல இருந்து பக்கத்துக் கட்டில் ஆளோட மாமியார் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அவர் தினமும் காலையில துண்டை எடுத்து அந்தக் கேஸ் ஷீட் மேல போட்டு மூடுவார். ரவுண்ட்ஸ் வரும்போது நாங்க எடுத்துக் கீழ போடுவோம். ரவுண்ட்ஸ் முடிஞ்சா திரும்ப மூடுவார்.

23/
அப்போ எனக்கு 23 வயசு. அந்தத் துண்டை நானும் எடுத்துப் போட்டிருக்கேன். ஒருநாள்கூட அது எதுக்குன்னு நான் கேக்கல. ரத்தத்துல சிடி4 எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். அவருக்கு என்ன பிரச்சனைன்னு தெரியாது.

டென்வர் கோட்பாடுகளை நான் படிச்சது பல வருஷம் கழிச்சு. எம்பிபிஎஸ்ல யாரும் சொல்லித் தரல. ரகசியம் காக்கணும்ங்கிற வரி வந்தப்போ எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் மூடி வச்சுட்டேன்.

24/
நம்ம சென்னைக்கும் இந்த வரலாறுல இடம் இருக்கு. இந்தியாவுல முதன்முதலா எச்ஐவியைக் கண்டுபிடிச்சது 1986ல, இங்கதான். டாக்டர் சுனிதி சாலமன், அவர்கிட்ட படிச்ச மாணவி நிர்மலா. மகத்தான வேலை, அதுல மறுபேச்சே இல்ல.

ஆனா அந்த ரத்தம் யாரோடது? காப்பகத்துல இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களோடது. டாக்டர்கள் பேர் நமக்குத் தெரியும். அந்தப் பெண்கள் தங்களைப் பத்தி எழுதின ஒரு வரியை நான் படிச்சதே இல்ல. பாபிக்குப் பேனாவும் பத்திரிகையும் கிடைச்சது. அவங்களுக்கு யாரும் கொடுக்கல. வித்தியாசம் இதுதான்.

25/
இப்போ உங்கள்ல சிலர் என்னை மடக்கலாம்: "வாட்ஸப்ல வர்ற வைத்தியத்தை நம்பாதீங்கன்னு தினமும் சொல்ற டாக்டர், இப்போ டாக்டர் இல்லாதவங்க எழுதினதைத் தூக்கிப் பிடிக்கிறீங்களே?"

நல்ல கேள்வி. வித்தியாசம் சொல்றேன்.

26/
ஒண்ணு: பாபி எழுதினது தன் உடம்புல பார்த்ததை. "என் பெரியப்பா பையனுக்குச் சரியாச்சாம்" இல்ல.
ரெண்டு: "போய் டாக்டரைப் பாருங்க"ன்னு சொன்னார். "டாக்டர்கிட்ட போகாதீங்க"ன்னு சொல்லல.
மூணு: எதையும் விக்கல. சூரணம் கிடையாது, லிங்க் கிடையாது.
நாலு: தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதல. மருந்து இல்லாத நோய்க்கு மருந்து இருக்குன்னு சொல்லல.

27/
1982ல எழுதினதுல இன்னைக்குப் பொருந்தாததும் இருக்கும்தான். வைரஸே தெரியாத காலம். அறிவு வளர்ந்தப்போ அவங்களும் திருத்திக்கிட்டாங்க. பிளே ஃபேரை 1999ல புதுப்பிச்சுத் திரும்பப் போட்டாங்க. திருத்திக்கிறவங்களை நம்பலாம். திருத்தவே மாட்டேன்கிறவங்ககிட்டதான் ஜாக்கிரதை.

28/
இன்னைக்கு நிலைமை என்ன?

எச்ஐவிக்குத் தினம் ஒரு மாத்திரை. அரசு ஏஆர்டி மையங்கள்ல இலவசம். ஒழுங்கா சாப்பிட்டா வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலையில தொடர்ந்து இருக்கிறவர்கிட்ட இருந்து பாலுறவு மூலமா மத்தவங்களுக்குப் பரவாது. பெரிய ஆய்வுகள் உறுதி பண்ண விஷயம் இது. கிட்டத்தட்ட மத்தவங்களைப் போலவே நீண்ட ஆயுள் வாழலாம்.

பாபிக்கு இது கிடைக்கல.

29/
நம்ம நாட்டுல 2017ல எச்ஐவி சட்டம் வந்தது, 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்கு. உங்க சம்மதம் இல்லாம எச்ஐவி டெஸ்ட் பண்ணக் கூடாது. உங்க நிலையை வெளிய சொல்லக் கூடாது. வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதுலயும் பாகுபாடு கூடாது. கேஸ் ஷீட் மேல சிவப்பு மையில எழுதினா அது இப்போ வெறும் அநாகரிகம் இல்ல, சட்ட விரோதம்.

30/
ஆனாலும் மருந்து, சட்டம் ரெண்டும் இருந்தும் ஆட்கள் லேட்டா வர்றாங்க. வேற ஊர்ல போய் மாத்திரை வாங்குறாங்க. ஏன்? சிக்னல்ல நின்னு தன்னைத் தானே சோதிச்சுக்கிற அந்தப் பயம்தான். அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல. தங்களைப் பத்தித் தாங்களே எழுதுறவங்க எழுத்துதான் அதுக்கு மருந்து. தனியா இருக்கோம்னு நினைக்கிற ஒருத்தன் ராத்திரி போன்ல அதைப் படிச்சுட்டு, காலையில டெஸ்ட் எடுக்க வர்றான்.

31/
அதனால என் கருத்து இதுதான். அடுத்த தடவை ஒரு டிராக் கலைஞரோ, திருநங்கையோ, எச்ஐவி உள்ளவரோ தன் கதையை எழுதியிருந்தா, கீழ சிரிப்பு எமோஜி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிங்க. பிடிக்கலைன்னா கடந்து போங்க. அதை யாருக்காக எழுதியிருக்காங்களோ, அந்த ஆள் உங்க கமெண்டையும் படிப்பான். அவன் உங்க வீட்டுலயே இருக்கலாம்.

டாக்டர் நண்பர்களுக்கு: டென்வர் கோட்பாடுகளைத் தேடிப் படிங்க. பத்து நிமிஷம் போதும். உங்க பிஜி பசங்களுக்கும் கொடுங்க.

32/
"இவங்களால சமூகத்துக்கு என்ன பிரயோஜனம்?"னு கேட்ட அன்பருக்கு: எங்க துறை கையைப் பிசைஞ்சுட்டு நின்னப்போ, அவங்க எழுதி உயிரைக் காப்பாத்தினாங்க. எனக்கு என் நோயாளியை எப்படிக் கூப்பிடணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. இந்தப் பிரயோஜனம் போதும்ல?

33/
கடைசியா உபயோகமான தகவல். தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கிற நம்பிக்கை மையங்கள்ல எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். சந்தேகம் கேக்கணும்னா இலவச எண் 1097. ஆபத்தான தொடர்பு ஏற்பட்டிருந்தா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க, தடுப்பு மருந்து இருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கேள்வி இருந்தா கேளுங்க, பதில் சொல்றேன். திட்டணும்னாலும் திட்டுங்க, இழையை முழுசா படிச்சுட்டு மட்டும்.